வீட்டுக்கு எந்த ரோஜா? பூவைப் பார்க்கும் முன் அது வளர்ந்த இடத்தைக் கேளுங்கள்

சிரம்பான்: கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் காரில் ஸ்ட்ராபெரிப் பெட்டியும் சோளமும் இருக்கும். பின்னிருக்கையில் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு ஒரு ரோஜாச் செடியும் இருக்கும். சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ஒரு முறையாவது இப்படி வாங்கி வராத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் வாங்கினோம். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பூ, கூடவே நான்கு மொட்டுகள். முதல் மாதம் வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாம் மாதம் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. மூன்றாம் மாதம் தொட்டியில் வெறும் குச்சிதான் நின்றது.

"நமக்குக் கைராசி இல்லை" என்றார் அம்மா. கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதே நேரத்தில், லாபு பக்கம் பாட்டி குடியிருந்த தோட்டத்து லயன் வீட்டின் பின்னால், குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம், ஓர் இளஞ்சிவப்பு ரோஜா ஆள் உயரத்துக்கு நின்று பூத்துக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் மருந்து அடித்ததில்லை. கடையில் உரம் வாங்கிப் போட்டதும் இல்லை. பக்கத்து வீட்டு ஆடு இரண்டு முறை அடியோடு கடித்தும் மறுபடியும் துளிர்த்தது. பூ சிறியதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூ இல்லை என்று பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த இரண்டு செடிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், ரோஜா வாங்கும்போது செய்யும் தவறுகளில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

மலைச் செடி ஏன் கீழே தாங்குவதில்லை?

கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பகல் வெப்பம் 22, 23 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். இரவில் 15 பாகையை ஒட்டி இறங்கும். சிரம்பானிலோ பகலில் 32, 33 பாகை. இரவில்கூட 23, 24 பாகை. ரோஜாவுக்குப் பகல் வெயிலைவிட இந்த இரவு வெப்பம்தான் பெரிய சிக்கல். செடி பகலில் இலை வழியே தயாரித்த உணவை இரவில் மூச்சு விடுவதற்காகச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைந்து மிச்சம் பூவுக்குப் போகும். இரவும் வெப்பமாக இருந்தால் மிச்சம் குறைகிறது. அதனால்தான் மலையில் உள்ளங்கை அகலத்தில் பூத்த அதே செடி, இங்கே வந்ததும் ஐம்பது காசு அளவில் பூக்கிறது. இதழ்களும் குறைந்து, நிறம் வெளுத்து, காலையில் விரிந்தது மறுநாள் மாலைக்குள் உதிர்ந்துவிடுகிறது. இது நோயில்லை. உரம் கூட்டினாலும் மாறாது.

அடுத்தது மழை. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் ரோஜா இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். அதோடு பூஞ்சைகளின் ஆட்டமும் சில மாதங்களுக்கு ஓயும். நம் ஊரில் செடிக்கும் விடுமுறை இல்லை, பூஞ்சைக்கும் இல்லை. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை முளைப்பதற்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல ஈரமாக இருந்தால் போதும். மாலை நான்கு, ஐந்து மணிக்குப் பெய்யும் மழைக்குப் பிறகு நம் வீட்டுச் செடியின் இலை விடியும் வரை காய்வதில்லை. கீழே விழுந்த நோயுற்ற இலைகளின் மேல் மழைத்துளி தெறித்து, பூஞ்சை வித்துகள் மேல் இலைகளுக்கு ஏறுகின்றன. எங்கள் மஞ்சள் ரோஜாவுக்கு நடந்தது இதுதான்.

நெகிரி செம்பிலான் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. ஜெலுபு, கோலப்பிலா பகுதிகள் மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் தீபகற்பத்தில் மழை குறைவான இடங்களில் சேர்ந்தவை. அங்கே கரும்புள்ளித் தொல்லை குறையும், தண்ணீர் ஊற்றும் வேலை கூடும். போர்ட்டிக்சனில் கடலைப் பார்த்த வீடு என்றால் உப்புக் காற்று இலை ஓரங்களைக் கருக்கும். செடியை வீட்டுக்குப் பின்புறமோ சுவர் மறைவிலோ வைப்பதே நல்லது.

கொடைக்கானலில் கேட்கப்பட்ட கேள்வி

வெப்ப நாட்டில் ரோஜா ஏன் திணறுகிறது என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார் என்பதை இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது அறிந்தேன். எம்.எஸ். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறி, மனைவி கிரிஜாவுடன் சேர்ந்து புதிய ரோஜா வகைகளை உருவாக்கியவர். அவருடைய வாதம் எளிமையானது. நாம் கடையில் பார்க்கும் பெரிய பூ ரோஜாக்கள் குளிர் நாடுகளில், குளிரைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெப்ப நாட்டுக்கு வேறு பரம்பரை வேண்டும். அதற்காக அவர் வங்காளத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் ரோசா கிளினோஃபில்லா என்ற காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலைகளில் மரமேறிக் கொடியாகப் படரும் ரோசா ஜைகாண்டியாவையும் கலப்புக்குப் பயன்படுத்தினார்.

அவர் உருவாக்கிய வகைகளைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். செடியின் முன்னோர்கள் எந்த வெயிலில் வாழ்ந்தார்கள் என்பதுதான் கேள்வி.

எந்த வகை?

நாம் 'ரோஜா' என்றதும் நினைக்கும் நீண்ட காம்பு, கூரான மொட்டு, ஒரு காம்புக்கு ஒரு பூ என்பது ஹைபிரிட் டீ வகை. 1867-இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை இதன் முதல் செடியாகச் சொல்வார்கள். அழகில் இதை மிஞ்ச முடியாது. தாழ்நிலத்தில் தொல்லையும் இதில்தான் அதிகம். சிவப்பு 'மிஸ்டர் லிங்கன்' போன்ற சில வகைகள் வெயிலைத் தாங்கும், மணமும் உண்டு. ஆனால் கரும்புள்ளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். வாரம் ஒரு முறை செடியோடு உட்காரக்கூடியவர்கள் வளர்க்கலாம். இரண்டு வேலை பார்க்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் புளோரிபண்டா வகையில் பூ நடுத்தரம். ஒரு கொத்தில் சில பூக்கள் கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். இரவுச் சந்தையில் சிறு தொட்டியில் விற்கும் மினி ரோஜா வெயிலில் வைத்தால் நன்றாகவே வரும். அதை வரவேற்பறை மேசையில் வைப்பதுதான் தவறு. காற்றோட்டமில்லாத, காய்ந்த இடத்தில் சிலந்திப்பேன் இரண்டே வாரத்தில் அதை முடித்துவிடும்.

நம் சீதோஷ்ணத்துக்கு மிகவும் ஒத்துப்போவது பழைய சீன ரோஜா இனமும் அதன் வழி வந்தவையும்தான். சீனர்கள் இதை 'யுவே ஜி' என்பார்கள். மாதந்தோறும் பூப்பது என்று பொருள். ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் பூத்த காலத்தில், இந்தச் சீன இனம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் அங்கே பரவியது. இளஞ்சிவப்பு 'ஓல்ட் பிளஷ்' இந்த இனத்தின் பெயர்பெற்ற செடி.

அடுத்தது தமிழ்நாட்டில் மாலை கட்டுகிறவர்கள் நன்கு அறிந்த எட்வர்ட் ரோஸ். இது போர்பன் இனம். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து பிறந்தது. ரீயூனியன் தீவுக்கு ஒரு காலத்தில் போர்பன் என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் இது. மணம் டமாஸ்க்கினுடையது, அடிக்கடி பூக்கும் குணம் சீனத்தினுடையது. தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்காக இதை வயலாகவே பயிரிடுகிறார்கள்.

'பன்னீர் ரோஜா' என்ற பெயரில் கொஞ்சம் கவனம் வேண்டும். மணமுள்ள இளஞ்சிவப்பு ரோஜா எதையும் நம்மவர்கள் அப்படித்தான் சொல்கிறோம். பன்னீர் வடிக்கும் உண்மையான டமாஸ்க் ரோஜா குளிர்காலம் கழிந்து ஒரு பருவம் பூக்கும் செடி. நம் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பூக்கும் ஒன்று, பெரும்பாலும் அதன் கலப்பு வாரிசாகத்தான் இருக்கும். பெயர் எதுவாக இருந்தாலும், இங்கே பூக்கிறது என்பதே அதன் சான்றிதழ்.

(தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களில் ரோஜா கிடையாது. சொல்லே போர்த்துகீசியரின் 'ரோசா' வழியாக நமக்கு வந்தது. மல்லிகையைப் போல இது நம் மண்ணின் பூ இல்லை. வந்த ஊருக்குத் தகுந்தபடி பழக வேண்டிய விருந்தாளி.)

கடையில் நின்றுகொண்டு

நம் நர்சரிகளில் ரோஜாவுக்குப் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. 'சிவப்பு', 'மஞ்சள்', 'ரெண்டு கலர்' என்றுதான் விற்பார்கள். ஆகவே பெயரைவிடச் செடியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: "இந்தச் செடி எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?" மலையிலிருந்து நேற்று இறங்கியது என்றால் பூ அழகாக இருப்பது அந்த மலையின் புண்ணியம். ஒரு மாதத்துக்கு மேல் கடையில் நின்று, இங்கே வந்த பிறகு புதிதாக விட்ட துளிரும் மொட்டும் இருந்தால் அந்தச் செடியை நம்பலாம். பூ உதிர்ந்து, விலை குறைத்து ஓரமாக வைத்திருக்கும் செடிகளில்தான் பல நேரம் நல்லது கிடைக்கும். பெருநாள் வாரங்களில் பூத்துக் குலுங்கும் தொட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். பூக்க வைப்பதற்காகவே ஊட்டி வளர்த்த செடி, பெருநாள் முடிந்ததும் சோர்ந்து போகும்.

பிறகு இலை. மேல் இலையைப் பார்க்காதீர்கள்; குனிந்து அடி இலையைப் பாருங்கள். மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளி இருந்தால் கரும்புள்ளி நோய். இலையைத் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளுத்த புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். ஐயமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி இல்லை. மொட்டின் ஓரம் பழுப்பாகக் கருகி விரியாமல் நின்றால் இலைப்பேன் இருக்கலாம். இலை சல்லடை போல ஓட்டையாக இருப்பது மட்டும் பெரிய குற்றமில்லை. அது இரவில் வரும் வண்டின் வேலை. எட்டு மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பொறுக்கிவிடலாம்.

தண்டு அடியிலிருந்தே மூன்று கிளையாவது பிரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பென்சில் தடிமன் இருந்தால் நல்லது. ஒற்றைத் தண்டில் ஒரு பெரிய பூவோடு நிற்பதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் ஆடினால் நேற்றுத்தான் நட்டது. அடியில் உள்ள ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல செய்தி. கறுத்து நாறினால் வேர் அழுகியிருக்கிறது.

ஒட்டா, சொந்த வேரா?

இதைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் மரத்தில் 'பட்டிங்' செய்தவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் இனத்தின் கண்ணை உள்ளே செருகிக் கட்டுவார்கள். ஆர்.ஆர்.ஐ.எம் 600 போன்ற இனங்கள் தோட்டந்தோறும் பரவியது இப்படித்தான். ரோஜாவிலும் அதே வேலைதான். வேர் காட்டு ரோஜாவினுடையது, மேலே பூப்பது நாம் விரும்பும் இனம்.

ஒட்டுச்செடி வேகமாக வளரும், பூவும் பெரிதாக இருக்கும். ஆனால் ஒட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து காட்டு ரோஜாவின் கிளை கிளம்பும். அதைப் பார்த்து "செடி நன்றாகத் துளிர்க்கிறதே" என்று மகிழ்ந்தால், ஆறு மாதத்தில் மேலே இருக்கும் நல்ல இனம் பட்டினியில் போய்விடும். கிளம்பும் இடத்தைப் பார்த்து அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். கத்தரித்தால் மறுபடியும் வரும். சொந்த வேரில் நிற்கும் செடி மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஆடு கடித்தாலும், புல்வெட்டி அடித்தாலும், மறுபடி துளிர்ப்பது அதே இனமாகத்தான் இருக்கும். பாட்டி வீட்டுச் செடி பிழைத்ததன் ரகசியம் இதுதான். குழந்தைகளும் கோழிகளும் ஓடும் வீட்டுக்குச் சொந்த வேர்ச் செடியே ஏற்றது.

தொட்டி, மண்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தாமான் வீட்டில் தொட்டி குறைந்தது 12 அங்குல அகலம் இருக்கட்டும். நம் செம்மண் களிமண்ணை மட்டும் போட்டால் மழையில் சேறாகும், வெயிலில் ஓடாகும். மண், சுட்ட உமி, மக்கிய ஆட்டுப் புழுக்கை மூன்றையும் சம அளவில் கலக்கலாம். நம் மண் புளிப்பு அதிகம். செம்பனைத் தோட்டத்தில் போடும் சுண்ணாம்புத் தூளில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி கலந்தால் ரோஜாவுக்குப் பிடிக்கும். உரத்துக்கு முதலில் 15-15-15 பச்சை என்.பி.கே., மொட்டு வரத் தொடங்கியதும் 12-12-17 நீலம். மாதம் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

காலை வெயில் படும் கிழக்குப் பக்கமே ரோஜாவுக்கு ஏற்ற இடம். இரவு ஈரம் சீக்கிரம் காயும், பிற்பகல் வெயிலின் கடுமையும் குறையும். தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால், 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ்ச் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். ரோஜாவின் விலையைவிட அது பல மடங்கு.

வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்

இவ்வளவும் எழுதிய பிறகும், என்னைக் கேட்டால் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தாமானிலோ, பழைய தோட்டத்திலோ, கோயில் வேலி ஓரத்திலோ பத்து ஆண்டாகப் பூத்துக்கொண்டிருக்கும் ரோஜா ஒன்றைத் தேடுங்கள். நம் மலாய் அண்டை வீட்டார் பலர் 'மாவார் காம்போங்' என்று வைத்திருப்பதும் இந்த மாதிரிச் செடிதான். உங்கள் மழையில் நனைந்து, உங்கள் வெயிலில் காய்ந்து, உங்கள் ஊர் வண்டு கடித்தும் நிற்கும் செடி அது. எந்த நர்சரியும் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது.

இதில் அவசரமும் இருக்கிறது. தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போகின்றன. மக்கள் வெளியேறிய லயன் வீடுகளை மண்வாரி இயந்திரம் ஒரே நாளில் தள்ளிவிடுகிறது. வீட்டைக் காலி செய்யும்போது சாமி படம், அம்மி, தையல் இயந்திரம் எல்லாம் லாரியில் ஏறும். பின்புறம் நிற்கும் ரோஜாவை யாரும் நினைப்பதில்லை. பெயர் எழுதி வைக்காத இந்தச் செடிகள் போனால், எந்தக் கடையில் போய் என்னவென்று கேட்பது?

ஒரு குச்சி போதும். வீட்டார் இருந்தால் அவர்களிடமும், காலியான இடமென்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுவிட்டு எடுங்கள். பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிமனுள்ள பகுதியை ஆறு முதல் எட்டு அங்குல நீளத்துக்கு, நான்கு கணுக்கள் இருக்கும்படி, கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். ஒன்று போதாது, ஐந்தாறு எடுங்கள், எல்லாம் பிழைக்காது. ஈரமான செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, பாதிக் குச்சி உள்ளே போகும்படி மணலும் சுட்ட உமியும் கலந்த தொட்டியில் ஊன்றுங்கள். அடிப்பகுதியை வெட்டிய பெரிய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்காலம் இதற்கு நல்ல நேரம்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த இழுப்பிலேயே பாதிக் குச்சிகள் போய்விடும். புதுத் துளிர் வந்து இலை விரிந்து, மூன்றாவது இலையும் வந்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றலாம். முதலில் வரும் மொட்டைக் கிள்ளிவிடச் சொல்வார் பாட்டி. செடி வேரைப் பார்க்கட்டும் என்பார். இரண்டாவது மொட்டிலிருந்து சாமிக்கு.